குற்றவாளிக் கூண்டில் யார்?
அமெரிக்கக் குற்றப் படங்களில் பெண்

(நமது சங்கத்தின் மகளிர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மகளிர் நாள் கூட்டத்தில் அமெரிக்கக் குற்றப் படங்களைப் பற்றிப் பேச்சு என்று அறிவிப்புப் பலகையில் எழுதியதும் பலர் வந்து கேட்டார்கள். "குழாயில் தண்ணீர் வரவில்லை, ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப் போயிருக்கிறது, இதையெல்லாம் விட்டுவிட்டுச் சினிமாக் கதை எதற்கு?" என்று. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறோம்.

நம் சந்துகளிலிருந்து இன்று எத்தனை பெண்கள் இரவு வேலைக்குப் போகிறார்கள்? ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை, தையல் கூடத்தில் ஓவர்டைம், படித்த பெண்களுக்குக் கால் சென்டர். கடைசி லோக்கலில் இறங்கி நடந்து வருகிறார்கள். சந்து முனையில் நிற்கிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கையில் சொந்தப் பணம் இருக்கிறதாம், உதட்டில் சாயம் இருக்கிறதாம், ஆகவே அவள் ஏதோ திட்டம் போடுகிறாளாம்! சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை ஒரு பெண்ணிடம் கொடுக்கலாமே என்று சொன்னால்கூட, "பொம்பளை கையில் பணம் போனால் குடும்பம் என்ன ஆகும், படத்தில் பார்க்கவில்லையா?" என்கிறார்கள்.

"படத்தில் பார்க்கவில்லையா?" இந்தக் கேள்வியைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆம், பார்த்தோம். ஆனால் அந்தப் படத்தை எடுத்தது யார், எப்போது எடுத்தார்கள், என்ன காரணத்தால் அப்படி எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா? சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் ஒரு படமாக நம் இளைஞர்கள் பழைய அமெரிக்கப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். நாங்கள் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர்கள், எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்கள். கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துப் படித்துத்தான் கதையைப் பிடித்தோம். பிடித்ததைச் சொல்கிறோம்.

நம் ஊரில் பெண்ணடிமைத்தனம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருந்தது, இருக்கிறது. ஆனால் நம் பாட்டிமார் நாற்று நட்டுக் கூலி வாங்கினார்கள், விடியுமுன் சந்தைக்குக் கூடை சுமந்தார்கள், முந்தானையில் காசு முடிந்தார்கள். அதற்காக யாரும் அவர்களைக் கொலைகாரி என்று நினைக்கவில்லை. சிகரெட்டும் சாயமும் தனிப் பணமும் சேர்ந்தால் அவள் ஆணைக் கவிழ்க்க வந்தவள் என்கிற உருவத்துக்குப் பெரிய பட்டறை ஹாலிவுட். அங்கிருந்து பம்பாய்க்கும் வந்தது. 1951-இல் தேவ் ஆனந்த் நடித்து வந்த 'பாஜி' படத்தில், 1946-இல் வந்த 'கில்டா' என்னும் அமெரிக்கப் படத்தின் சாயல் உண்டு என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். 1956-இல் வந்த 'சி.ஐ.டி.' படத்தில் வில்லனின் ஆளாக வந்தவர் நம் செங்கற்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மான். இந்தியில் அவருக்கு அதுதான் முதல் படம். ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத விஷயமல்ல.

ஒரு பழக்கூழும் ஒரு மாடிப்படியும்

1929-இல் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தது. ஆலைகள் மூடின. கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்குச் சட்டம் வேறு இருந்தது. கள்ளச் சாராயம் கடத்தியவர்கள் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். இந்தக் காலத்தில்தான் கொள்ளைக் கூட்டத் தலைவனைக் கதாநாயகனாக வைத்த படங்கள் வந்தன. 'லிட்டில் சீசர்', 'தி பப்ளிக் எனிமி' இரண்டும் 1931-இல் வந்தன. 'ஸ்கார்ஃபேஸ்' 1932-இல் வந்தது.

இவற்றில் பெண் யார்? தலைவன் வாங்குகிற கோட்டு, தொப்பி, மோட்டார் கார், அந்த வரிசையில் ஒருத்தி. பழைய தலைவனை வீழ்த்தினால் அவன் காரோடு அவளும் புதிய தலைவனுக்கு வந்து சேருவாள். 'தி பப்ளிக் எனிமி' படத்தில் ஒரு காட்சி உலகப் புகழ் பெற்றது. காலைச் சாப்பாட்டு மேஜையில், தன்னுடன் வாழும் பெண் சொன்ன ஒரு சொல் பிடிக்கவில்லை என்று, ஜேம்ஸ் காக்னி பாதியாய் வெட்டிய பம்பளிமாஸ் போன்ற பழத்தை எடுத்து அவள் முகத்தில் வைத்துத் தேய்ப்பார். அந்தப் பெண்ணாக நடித்தவர் மே கிளார்க். அதற்குப் பிறகு அவளுக்குக் கதையில் வேலையில்லை. அவன் வேறொருத்தியைத் தேடிப் போகிறான், கேமராவும் அவன் பின்னால் போகிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் எங்கே போனாள் என்று படம் கேட்கவே இல்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு ஒரு பதில் வருகிறது.

அதே காலத்தில் வேறு மாதிரியும் ஒரு படம் வந்தது. 1933-இல் வந்த 'பேபி ஃபேஸ்'. பார்பரா ஸ்டான்விக் நடித்தது. ஒரு தொழில் நகரத்தில் தகப்பன் கள்ளச் சாராயக் கடை நடத்துகிறான். மகளையே வாடிக்கையாளர்களுக்கு இரையாக்குகிறான். தகப்பன் இறந்ததும் அந்தப் பெண் லில்லி, தன் கறுப்பினத் தோழியோடு சரக்கு ரயிலில் ஒளிந்து நியூயார்க் போகிறாள். ஒரு பெரிய வங்கியில் வேலைக்குச் சேருகிறாள். மேலதிகாரிகளை ஒவ்வொருவராக வளைத்து மாடி மாடியாக ஏறுகிறாள். கேமரா கட்டடத்தின் வெளிப்புறத்தில் ஒவ்வொரு மாடியாக ஏறிக் காட்டும். அவள் வழி நல்ல வழியா? இல்லை. ஆனால் வேறு வழி எதை அவளுக்கு விட்டுவைத்தார்கள் என்று படம் கேட்டது. அதனால்தான் தணிக்கைக்காரர்கள் கத்தரிக்கோலை எடுத்தார்கள். முடிவை மாற்றினார்கள், வசனத்தை மாற்றினார்கள். வெட்டப்படாத பிரதி 2004-இல்தான் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் களஞ்சியத்தில் கண்டெடுக்கப்பட்டது. எழுபது ஆண்டுக் காலம் ஒரு பெண்ணின் கேள்வி டப்பாவில் அடைபட்டுக் கிடந்தது!

தண்டனையை எழுதிய அலுவலகம்

1930-இல் அமெரிக்கப் பட முதலாளிகள் ஒரு நடத்தை விதித் தொகுப்பை ஏற்றுக்கொண்டார்கள். நான்கு ஆண்டுகள் அது ஏட்டளவில் இருந்தது. 1934 ஜூலையிலிருந்து ஜோசப் பிரீன் என்பவரின் அலுவலகம் அதைக் கண்டிப்பாக அமுல்படுத்தியது. கதையை முன்கூட்டியே அந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். முத்திரை இல்லாமல் பெரிய கொட்டகைகளில் படம் ஓடாது. திருமணத்தின் புனிதம் காக்கப்பட வேண்டும், குற்றத்தின் மேல் பார்ப்பவனுக்கு அனுதாபம் வரக் கூடாது என்பவை அந்த விதிகளில் முக்கியமானவை.

இதன் விளைவு என்ன? கடைசி ரீலுக்குள் தப்புச் செய்தவள் சாக வேண்டும், அல்லது சிறைக்குப் போக வேண்டும், அல்லது அழுது திருந்த வேண்டும். ஆணுக்கும் இதே விதிதான். ஆனால் ஆண் தப்பு என்றால் கொலை, கொள்ளை. பெண் தப்பு என்றால் கணவனை விட்டுப் போனதே தப்பு, ஆசைப்பட்டதே தப்பு!

நாம் திரையில் பார்த்து "கெட்டவளுக்குக் கெட்ட சாவுதான் வரும்" என்று சொல்லிக்கொள்கிறோமே, அது இயற்கை நியதியல்ல, ஊழ்வினையுமல்ல. ஓர் அலுவலகத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, விதிப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய தண்டனை. அலுவலகம் என்றால் என்ன, விதி எப்படி எழுதப்படுகிறது, யாருக்காக வளைக்கப்படுகிறது என்பது எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியாதா?

ரயில் பாதையில் ஒரு பிணம்

இனி 1940-களுக்கு வருகிறோம். இருட்டும் மழையும் நிழலும் நிறைந்த குற்றப் படங்கள் வந்த காலம். பிரெஞ்சு விமர்சகர்கள் 1946-இல் இவற்றுக்குக் 'கறுப்புப் படம்' என்று பெயர் வைத்தார்கள். இந்தப் படங்களில்தான் ஆணை அழிக்கிற அழகி நிலையாக வந்து உட்கார்ந்தாள். 1941-இல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' படத்தில் துப்பறிவாளன் தான் காதலிப்பவளையே கொலைகாரி என்று போலீசில் ஒப்படைக்கிறான். ஆனால் இந்த உருவத்துக்கு முத்திரை குத்திய படம் 1944-இல் பில்லி வைல்டர் இயக்கிய 'டபுள் இன்டெம்னிட்டி'. அதாவது இரட்டை நஷ்டஈடு.

ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டு. ஒரு பணக்கார வீட்டின் இரண்டாம் தாரம் பில்லிஸ். அதே பார்பரா ஸ்டான்விக்தான் அவளாக நடித்தார். கணவன் பெயரில் அவனுக்கே தெரியாமல் பாலிசி எடுக்கிறார்கள். ரயில் விபத்தில் இறந்தால் இரட்டிப்புப் பணம் என்று பாலிசியில் ஒரு விதி. ஐம்பதாயிரம் டாலர் ஒரு லட்சமாகும். ஸ்டேஷனுக்குப் போகிற வழியிலேயே காரில் வைத்து அவனைக் கொல்கிறார்கள். பிறகு ஏஜெண்டு ஊன்றுகோலோடு கணவன் போல வேடம் போட்டு ரயிலேறி, கடைசிப் பெட்டியின் பின்மேடையிலிருந்து குதித்து இறங்குகிறான். பிணத்தைத் தண்டவாளத்தில் போடுகிறார்கள்.

நாங்கள் ரயில்வேக்காரர்கள் ஆயிற்றே, இந்தக் காட்சியில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். தண்டவாளத்தில் கிடக்கிற உடலுக்குப் பின்னால் எத்தனை காகிதம், எத்தனை கேள்வி, எத்தனை குடும்பம் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் படத்திலும் கம்பெனியின் விசாரணை அதிகாரி அந்தக் கேள்விகளைத்தான் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்.

ஆனால் கவனியுங்கள். இந்தக் கதையை நமக்குச் சொல்கிறவன் யார்? ஏஜெண்டு. குண்டு பாய்ந்த நிலையில் அலுவலகத்துக்கு வந்து ஒலிப்பதிவுக் கருவியில் தன் வாக்குமூலத்தைச் சொல்கிறான். படம் முழுவதும் அவன் குரல். கழுத்தை முறித்தது அவன் கை. பாலிசியில் தந்திரம் செய்தது அவன் மூளை. ஆனால் படம் முடிந்து வெளியே வரும்போது என்ன சொல்கிறோம்? "அவள் அவனைக் கெடுத்துவிட்டாள்!" பில்லிஸ் நல்லவள் என்று நாம் வாதாட வரவில்லை. அவள் தரப்பு வாக்குமூலம் ஃபைலில் இல்லை என்று மட்டுமே சொல்கிறோம். ஒரு தரப்பை மட்டும் கேட்டு எந்தத் தொழிற்சங்கக்காரனாவது தீர்ப்புச் சொல்வானா?

இந்தக் கதைக்கு அடிப்படை ஓர் உண்மை வழக்கு. 1927-இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணும் ஜட் கிரே என்ற விற்பனையாளரும் சேர்ந்து அவள் கணவனைக் கொன்றார்கள். அங்கேயும் இரட்டை நஷ்டஈட்டுப் பாலிசி இருந்தது. 1928 ஜனவரி 12-ஆம் தேதி இரவு இருவரையும் ஒருவர் பின் ஒருவராக மின்சார நாற்காலியில் கொன்றார்கள். ஒரு பத்திரிகைப் படக்காரர் கணுக்காலில் கேமராவை மறைத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். யாரைப் படம் எடுத்தார்? பெண்ணை. மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது அவள் உயிர் போகிற படம். குற்றம் இருவருடையது, தண்டனை இருவருக்கும், காட்சிப் பொருள் ஆனவள் மட்டும் ஒருத்தி!

சமையல் விற்றவள் கதையில் கொலை எப்படி வந்தது?

1945-இல் வந்த 'மில்ட்ரெட் பியர்ஸ்' படத்தைத்தான் நம் தாய்மார்கள் அதிகம் பேசினார்கள். கணவன் பிரிந்து போகிறான். இரண்டு பெண் குழந்தைகள். மில்ட்ரெட் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குப் போகிறாள். வீட்டில் பழம் வைத்துச் சுடுகிற பலகாரம் செய்து விற்கிறாள். பிறகு சொந்தமாக ஓட்டல், ஒன்று இரண்டாகிறது, பல கிளைகளாகிறது. ஆனால் மூத்த மகள் வீடாவுக்குத் தாயின் வேலை அவமானம். தாய் ஒளித்து வைத்திருந்த ஓட்டல் சீருடையைக் கண்டுபிடித்து எடுத்து, வீட்டு வேலைக்காரிக்கு உடுத்திவிடுகிறாள்.

இந்தக் காட்சியில் அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. இட்லிக் கூடை சுமந்து பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! பள்ளிக்கூட வாசலில் கூடையோடு வர வேண்டாம் என்று பிள்ளை சொன்ன நாளும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வலி அமெரிக்காவிலும் ஒன்றுதான்.

இனி ஒரு செய்தியைச் சொல்கிறோம். ஜேம்ஸ் எம். கெய்ன் 1941-இல் எழுதிய மூல நாவலில் கொலையே கிடையாது. உழைத்து உயர்ந்த ஒரு தாயின் கதை, அவள் மகளின் கதை. படமாக்கும்போது கொலையைச் சேர்த்தார்கள். முதல் காட்சியிலேயே துப்பாக்கிச் சத்தம். போலீஸ் நிலையத்தில் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து மில்ட்ரெட் தன் வாழ்க்கையைச் சொல்வதாக அமைத்தார்கள். பலகாரம் சுட்டு முன்னுக்கு வந்த பெண், தான் முன்னுக்கு வந்த கதையைப் போலீசில் விளக்க வேண்டியிருக்கிறது! உழைப்பே வாக்குமூலமாகிவிட்டது.

ஏன் இப்படி? அந்த நாட்டில் அப்போது என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். உலகப் போருக்கு ஆண்கள் போனதும் ஆலைகளுக்குப் பெண்களை அழைத்தார்கள். 1940-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் சுமார் 27 சதவீதம் பெண்கள். 1945-இல் அது ஏறக்குறைய 37 சதவீதம். வெல்டிங் செய்தார்கள், விமானம் கட்டினார்கள், ரயில் எஞ்சின் துடைத்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அரசு காப்பகங்கள் நடத்தியது. போர் முடிந்தது. "வீட்டுக்குப் போங்கள்" என்றார்கள். 1946-இல் காப்பகங்களுக்கான மத்திய அரசுப் பணம் நின்றது. வேலையில் நீடிக்க விரும்புவதாகப் பெரும்பாலான பெண்கள் சொன்னதை அரசின் மகளிர் பணியகமே பதிவு செய்திருக்கிறது. யார் கேட்டார்கள்?

ஆகவே பட முதலாளிகள் கூடிச் சதி செய்து இந்தப் படங்களை எடுத்தார்கள் என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் அது எளிதான பேச்சு, சரியான பேச்சல்ல. 'தி மால்டீஸ் ஃபால்கன்' வந்தபோது அமெரிக்கா போரிலேயே இறங்கவில்லை. ஆனால் பெண்ணின் கையில் சம்பளம் வந்ததைப் பார்த்துச் சமூகத்துக்கு ஒரு பயம் வந்தது. அந்தப் பயத்துக்குக் கொட்டகையில் நல்ல வசூல் இருந்தது. முதலாளிக்குச் சதி தேவையில்லை, வசூல் போதும்.

'மில்ட்ரெட் பியர்ஸ்' முடிகிற இடத்தை மறந்துவிடாதீர்கள். பொழுது விடிகிறது. மில்ட்ரெட் முதல் கணவனோடு போலீஸ் நிலையத்தை விட்டு வெளியே நடக்கிறாள். அந்த வழியில் இரண்டு பெண்கள் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வசனம் இல்லை. ஓட்டல் முதலாளியான பெண் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், ஆனால் தரை துடைக்கிறவள் வேலையில் இருக்கலாம். அதற்கு யாருக்கும் ஆட்சேபணையில்லை! நம் பெண்கள் விஷயத்திலும் இது பொருந்துகிறதா இல்லையா? விடியற்காலையில் அலுவலகத் தரை துடைக்கப் போகிறவளை யாரும் தடுப்பதில்லை. அதே பெண் சங்கத்தில் பொறுப்புக்கு வருகிறேன் என்றால்தான் சினிமா நினைவுக்கு வருகிறது.

மில்ட்ரெட் வீட்டு வேலைக்காரியாக நடித்தவர் பட்டர்ஃபிளை மெக்வீன் என்ற கறுப்பின நடிகை. படம் முழுவதும் வருகிறார். பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வேலைக்காரி வேடமே திரும்பத் திரும்ப வருவதை வெறுத்து, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அவர் படங்களை விட்டு விலகினார். வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கெட்டவளாக இருக்கவாவது இடமிருந்தது. கறுப்பினப் பெண்ணுக்கு அதுவும் இல்லை.

இருட்டில் நடந்த வேறு பெண்கள்

ஆனால் தோழர்களே, அந்தக் காலம் முழுவதும் ஒரே வண்ணம் என்று எண்ணிவிட வேண்டாம். 1944-இல், 'டபுள் இன்டெம்னிட்டி' வந்த அதே ஆண்டில், 'ஃபேன்டம் லேடி' என்றொரு படம் வந்தது. மனைவியைக் கொன்றதாக ஓர் எஞ்சினியருக்கு மரண தண்டனை. அவர் குற்றமற்றவர் என்று நம்புகிற ஒரே ஆள் அவருடைய அலுவலகக் காரியதரிசி கரோல். சம்பளத்துக்கு வேலை செய்கிற சாதாரணப் பெண். பொய்ச் சாட்சி சொன்ன மதுக்கடை ஊழியனை அவளே பின்தொடர்கிறாள். நள்ளிரவு, ஆளில்லாத ரயில் நிலையம், மேடையில் அவளும் அவனும் மட்டும். அவளைத் தள்ளிவிடலாமா என்று அவன் நெருங்குகிறான். இன்னொரு பயணி வந்துவிடவே நிற்கிறான்.

இரவில் பிளாட்பாரத்தில் தனியாக நிற்கிற பெண்ணைச் சந்தேகத்தோடு பார்க்காமல் அவள் பயத்தோடும் துணிவோடும் பார்க்கிற காட்சி இது. இதைத் தயாரித்தவர் யார் தெரியுமா? ஜோன் ஹாரிசன் என்ற பெண். ஆல்பிரட் ஹிட்ச்காக்கிடம் காரியதரிசியாகச் சேர்ந்து, கதை வசனம் எழுதக் கற்று, தயாரிப்பாளராக உயர்ந்தவர். கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து முன்னால் நிற்கிற பெண் மாறுகிறாள்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். ஐடா லுபினோ. நடிகையாக இருந்து, சொந்தக் கம்பெனி தொடங்கி, டைரக்டர் ஆனவர். 1953-இல் அவர் எடுத்த 'தி ஹிட்ச்-ஹைக்கர்' ஆண்கள் மட்டுமே நிறைந்த முரட்டுக் குற்றப் படம். ஆனால் நமக்கு முக்கியமானது 1950-இல் அவர் எடுத்த 'அவுட்ரேஜ்'. கணக்கு எழுதுகிற வேலை பார்க்கும் ஓர் இளம்பெண், இரவில் வேலை முடிந்து வரும்போது ஒருவனால் துரத்தப்பட்டுக் கெடுக்கப்படுகிறாள். அவன் வேறு யாருமல்ல, தினமும் அவளுக்குத் தின்பண்டம் விற்கிற கடைக்காரன். அந்தக் குற்றத்தின் பெயரைச் சொல்லவே தணிக்கை விடவில்லை. பெயரைச் சொல்லாமலே படம் எடுத்தார் லுபினோ.

படத்தின் பாரம் அந்த இரவில் இல்லை. மறுநாளிலிருந்து இருக்கிறது. தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள். அலுவலகத்தில் பார்க்கிறார்கள். அக்கம் பக்கத்தில் கிசுகிசுக்கிறார்கள். தாங்க முடியாமல் அவள் வீட்டை விட்டே ஓடிப் போகிறாள். ஒரு குற்றத்தை ஒருவன் செய்தான், மிச்சத்தை ஊர் செய்தது. சந்து முனையில் நின்று பேசுகிறவர்கள் இந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

1953-இல் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'தி பிக் ஹீட்' வந்தது. பழக்கூழுக்குப் பதில் வருகிறது என்று சொன்னோமே, அது இங்கேதான். கூட்டத்தில் ஒருவன், தன்னோடு இருக்கிற டெபி என்ற பெண்ணின் முகத்தில் கொதிக்கிற காப்பியை வீசுகிறான். 1931-இல் கேமரா ஆணின் பின்னால் போயிற்று. 1953-இல் பாதி முகம் வெந்த பெண்ணோடு இருக்கிறது. கட்டுப் போட்ட முகத்தோடு அவள் யோசிக்கிறாள், முடிவெடுக்கிறாள், கூட்டத்தின் இரகசியத்தை உடைக்கிறாள், காப்பியையும் திருப்பிக் கொடுக்கிறாள். கடைசியில் செத்துத்தான் போகிறாள், விதிப் புத்தகம் இன்னும் மேஜை மேல்தானே இருந்தது! ஆனாலும் இருபத்திரண்டு ஆண்டுகளில் அடிபட்டவளைத் திரும்பிப் பார்க்கக் கேமரா கற்றுக்கொண்டது.

நம் தமிழ்ப் படமும் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1954-இல், எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்' வந்தது. பாட்டே இல்லாத படம். இருட்டும் நிழலும் அமெரிக்கப் படங்களைப் போலவே இருக்கும். சிவாஜி கணேசன் சுடப்பட்டுக் கிடக்கிறார், சுட்டது யார் என்று விசாரணை. கடைசியில் துப்பாக்கி பிடித்த கை மனைவி பண்டரிபாயின் கை. பணத்துக்காகவா? கள்ளக் காதலுக்காகவா? இல்லை. கணவன் நாட்டைக் காட்டிக் கொடுக்கிறவன் என்று அறிந்து அவனை எதிர்த்தவள் அவள். துப்பாக்கி ஏந்திய பெண் என்றால் பேராசைக்காரி என்று இருந்த இலக்கணத்தை நம் படம் ஒன்று அப்போதே மீறியிருக்கிறது.

விதிப் புத்தகம் மூடிய பிறகு

1968-இல் அமெரிக்காவில் அந்தப் பழைய விதித் தொகுப்பு கைவிடப்பட்டது. அதன் பிறகு பெண்களுக்கு விடுதலை வந்துவிட்டதா? 1972-இல் 'தி காட்ஃபாதர்' படத்தின் கடைசிக் காட்சியில், மனைவியின் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படுகிறது. உள்ளே ஆண்கள், வெளியே அவள்.

1974-இல் வந்த 'சைனாடவுன்' ஒரு படி மேலே போயிற்று. தண்ணீர்ப் பிரச்சினைக்குப் பதிலாக இதையா பேசுவது என்று கேட்டவர்களே, இது தண்ணீர்த் திருட்டைப் பற்றிய படம்தான்! லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தண்ணீரையும் நிலத்தையும் பணக்காரர்கள் வளைக்கிற கதை. துப்பறிவாளன் எவ்லின் என்ற பெண்ணைச் சந்தேகிக்கிறான். நாமும் சந்தேகிக்கிறோம். ஏன்? அவள் அழகாக இருக்கிறாள், சிகரெட் பிடிக்கிறாள், எதையோ மறைக்கிறாள். பழைய படங்கள் நமக்குப் பழக்கிக் கொடுத்த சந்தேகம். கடைசியில் தெரிகிறது, தண்ணீரைத் திருடிய பெரிய மனிதனே அவள் தகப்பன், மகளையும் சிறு வயதிலேயே சீரழித்தவன். அவள் மறைத்தது தன் மேல் நடந்த கொடுமையை. உண்மை தெரிவதற்குள் காலம் கடந்துவிடுகிறது, போலீசின் குண்டுக்கு அவள் பலியாகிறாள், பெரிய மனிதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளைச் சந்தேகித்ததில் போன நேரம் அவனுக்கு லாபமாயிற்று. தோழர்களே, பெண்ணின் மேல் சந்தேகத்தைத் திருப்பிவிட்டால் தண்ணீர் திருடுகிறவன் தப்பித்துக்கொள்வான். படத்தில் மட்டுமல்ல.

1996-இல் வந்த 'ஃபார்கோ' படத்தில் கொலையைத் துப்பறிகிறவரே ஒரு பெண், ஊரின் போலீஸ் தலைமை அதிகாரி, ஏழு மாதக் கர்ப்பிணி. பனியில் குனிந்து காலடித் தடம் பார்க்கிறார், மசக்கையால் குமட்டல் வருகிறது, மறுபடி வேலையைப் பார்க்கிறார். அதில் நடித்த ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் கிடைத்தது. பெண் குற்றவாளியுமல்ல, பரிசுப் பொருளுமல்ல, வேலை செய்கிற ஒரு மனிதப் பிறவி. இவ்வளவு எளிய விஷயத்துக்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

சினிமா பார்க்காதீர்கள் என்று சொல்ல இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. பாருங்கள், குடும்பத்தோடு பாருங்கள். இன்று எல்லோர் கையிலும் போனில் படம் ஓடுகிறது. ஆனால் மூன்று கேள்விகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இந்தக் கதையை யார் வாயால் கேட்கிறோம்? அடிபட்டவள் பின்னால் கேமரா போகிறதா, அடித்தவன் பின்னால் போகிறதா? தரை துடைக்கிறவளுக்கு வசனம் இருக்கிறதா?

சங்கத்தின் முன் மூன்று தீர்மானங்களையும் வைக்கிறோம். முதலாவது, கடைசி லோக்கலில் வருகிற பெண்களுக்கு ஸ்டேஷனிலிருந்து சந்து வரைக்கும் துணை வர, ஆண்களும் பெண்களுமாக முறை வைத்து ஆட்களை நிறுத்த வேண்டும். துணைக்குத்தான் நிறுத்துகிறோம், விசாரணைக்கு அல்ல. "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்கிறவர் அந்த முறையில் இருக்கக் கூடாது. இரண்டாவது, சங்கத்தின் கணக்கை இரண்டு பேர் பார்க்கிறார்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வீட்டுச் சீட்டுப் பணத்தைப் பைசா தவறாமல் நடத்துகிறவர்களுக்குச் சங்கப் பணம் பெரிதல்ல. மூன்றாவது, தரை துடைக்கிற, பாத்திரம் தேய்க்கிற, இட்லி விற்கிற தாய்மார்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல இந்தப் பத்திரிகையில் மாதம் இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லட்டும், எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் எழுதிக் கொடுக்கிறோம். எழுதியதைப் படித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும்.

வாக்குமூலம் ஒரு தரப்பிலேயே இருந்தது போதும். தீர்மானங்களை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள். தாய்மார்கள் முதலில் உயர்த்துங்கள்.